பழத்தின் ஆங்கிலப் பெயர் எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் பெயர் தெரிந்த பழத்துக்கோ, பெயரே தெரியாமல் கையில் இருக்கும் பழத்துக்கோ ஆங்கிலப் பெயர் தேடுபவர்களுக்கான பக்கம் இது. மொழிபெயர்ப்பவர்கள், சமையல் குறிப்பு எழுதுபவர்கள், விதையோ நாற்றோ வரவழைப்பவர்கள், "இதைத்தான் சாப்பிட்டேன்" என்று வேற்றுமொழி மருத்துவரிடம் விளக்க வேண்டியவர்கள் எல்லோருக்கும் பயன்படும்.

ஒரு பழத்துக்கு ஒரு ஆங்கிலப் பெயர்தானே இருக்க வேண்டும்? ஏன் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்?

வெப்பமண்டலப் பழங்களில் பெரும்பாலானவை ஆங்கிலேயர் வாழ்ந்த நாட்டில் விளையாதவை. கப்பலில் போன இடமெல்லாம் புதுப்பழம் கண்டபோது, தங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றின் பெயரைப் பின்னால் ஒட்டினார்கள்: ஆப்பிள், பிளம், செர்ரி, கூஸ்பெர்ரி, டாமரிண்ட். உட் ஆப்பிள், சுகர் ஆப்பிள், ரோஸ் ஆப்பிள், ஸ்டார் ஆப்பிள், காஷ்யூ ஆப்பிள் என ஐந்து ஆப்பிள்கள் இருக்கின்றன. ஒன்றுகூட ஆப்பிளுக்குச் சொந்தமில்லை. கரீபியத் தீவுகளில் ஒட்டிய பெயர் ஒன்று, மலேயாவில் ஒட்டியது இன்னொன்று, இந்தியாவில் நிலைத்தது வேறொன்று. மூன்றுமே சரியான ஆங்கிலம்தான்.

எனவே "ஆங்கிலத்தில் என்ன?" என்ற கேள்வியோடு "எந்த நாட்டு ஆங்கிலத்தில்?" என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது?

தமிழ்ப் பெயரிலிருந்து நேராக ஆங்கிலப் பெயருக்குத் தாவாதீர்கள். நடுவில் தாவரவியல் பெயர் என்று ஒரு படி இருக்கிறது. அதில் கால் வைத்துத்தான் ஏற வேண்டும். லின்னேயஸ் 1753இல் தொடங்கிவைத்த இரண்டு சொல் முறை அது: முதல் சொல் பேரினம், இரண்டாவது சொல் சிற்றினம்.

முதலில் தமிழ்ப் பெயருக்குரிய தாவரவியல் பெயரைக் கண்டுபிடியுங்கள். அது இன்றும் செல்லுபடியாகும் பெயர்தானா என்று லண்டனிலுள்ள கியூ தாவரவியல் பூங்காவின் 'பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்டு ஆன்லைன்' தளத்தில் பாருங்கள். பழைய பெயரை இட்டாலும் புதிய பெயருக்கு அதுவே கொண்டுபோய்விடும். பிறகு அந்தப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, யாருக்காக எழுதுகிறீர்களோ அந்த நாட்டின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். கடைசியாகத் தலைகீழ்ச் சோதனை: கிடைத்த ஆங்கிலப் பெயரை மட்டும் தனியாகப் படத் தேடலில் இடுங்கள். முதல் பத்துப் படங்களில் இரண்டு மூன்று வேறு பழமாக வந்தால், அந்தப் பெயர் தனியாக நிற்காது, தாவரவியல் பெயரையும் துணைக்கு எழுத வேண்டும் என்று பொருள்.

அகராதியில் தேடினேன், சொல்லே இல்லையே?

பெரும்பாலும் சொல் இருக்கும், நீங்கள் தேடிய வடிவத்தில் இருக்காது. அகராதிகள் மரத்தின் பெயரைத்தான் தலைச்சொல்லாக வைக்கின்றன. பழம், காய் என்ற பின்னொட்டை வெட்டிவிட்டு, புணர்ச்சியில் மாறிய எழுத்தையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். நாவற்பழம் என்றால் நாவல். விளாம்பழம், விளாங்காய் இரண்டுக்கும் விளா. அங்கும் கிடைக்காவிட்டால் விளவு. களாக்காய்க்குக் களா. கொடுக்காப்புளிக்குக் கொடுக்காய்ப்புளி, கோணப்புளி என்றெல்லாம் வடிவங்கள் உண்டு.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன், செடிகொடிகளுக்குத் தாவரவியல் பெயரையும் தருகிறது. இணையத்தில் இலவசமாகத் தேடலாம். ஆனால் அதிலுள்ளவை அந்தக் காலத்துப் பெயர்கள். கியூ தளத்தில் ஒருமுறை சரிபார்க்காமல் பயன்படுத்த வேண்டாம்.

இயந்திர மொழிபெயர்ப்பை இந்த வேலைக்கு நம்பவே கூடாது. 'நாவல்' என்று தனிச்சொல்லாக இட்டால் கதைப்புத்தகம் வந்து நிற்க வாய்ப்பு அதிகம்.

தமிழ் விக்கிப்பீடியாவில் பக்கத்தைத் திறந்து, ஆங்கில இணைப்பைச் சொடுக்கினால் போதாதா?

நல்ல குறுக்குவழிதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தமிழ்ப் பக்கம் ஒரு சிற்றினத்தைப் பற்றியும் ஆங்கிலப் பக்கம் பேரினம் முழுவதைப் பற்றியும் இருந்துவிடுவது உண்டு. இரு பக்கங்களிலும் வலப்புறப் பெட்டியில் உள்ள தாவரவியல் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பழத்தின் பெயரே தெரியாது. படம் எடுத்துச் செயலியில் போட்டால் சொல்லிவிடுமா?

சொல்லும், ஆனால் எதைப் படம் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து. உருண்டையான பச்சைக் காயைத் தனியாக மேசைமேல் வைத்து எடுத்த ஒரே படத்தை வைத்துக்கொண்டு எந்தச் செயலியாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் இரண்டும் ஒரே செடியின் பல படங்களை ஏற்கும். பிளான்ட்நெட்டில் இது இலை, இது பழம், இது பட்டை என்று உறுப்பைக் குறிக்கவும் முடியும்.

குறைந்தது ஐந்து படங்கள் வேண்டும். ஒரு சிறு கிளையில் இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கின்றனவா, மாறிமாறியா என்று தெரியும்படி ஒன்று. இலையின் அடிப்புறம் ஒன்று. பழம் காம்போடு, பக்கத்தில் அளவுகோலோடு ஒன்று. குறுக்கே வெட்டியது ஒன்று. கழுவித் துடைத்த விதை ஒன்று. படத்தில் பதியாதவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: கிள்ளினால் பால் வருகிறதா, இலையைக் கசக்கினால் என்ன வாசனை, காய் நுனிக்கிளையில் தொங்குகிறதா அல்லது அடிமரத்திலேயே காய்க்கிறதா.

இவற்றில் அதிகம் துப்புக் கொடுப்பது விதை. சப்போட்டாவை வெட்டிப் பாருங்கள்: தட்டையான, பளபளக்கும் கறுப்பு விதை, ஓரத்தில் வெள்ளைக் கோடு, ஒரு முனையில் சின்னக் கொக்கி. அந்த விதையைப் பார்த்த பிறகு வேறு பழத்தோடு குழப்பிக்கொள்ளவே முடியாது. தோலை மட்டும் பார்த்தால் உருளைக்கிழங்கோ கிவியோ என்று சொல்லும் செயலிகூட, விதைப் படத்தில் தடுமாறுவது குறைவு.

பெயர் தெரியாத பழத்தை ருசி பார்த்து அடையாளம் காண முயல வேண்டாம்.

சீத்தாப்பழம் கஸ்டர்ட் ஆப்பிளா, சுகர் ஆப்பிளா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி, அதிகம் தவறாகப் பதில் சொல்லப்படும் கேள்வியும் இதுதான்.

நாம் சீத்தாப்பழம் என்பது அன்னோனா ஸ்குவாமோசா. தோலில் புடைத்த கண்கள், முற்றியதும் கண்களுக்கிடையே வெடிப்பு, அழுத்தினால் சுளை சுளையாகப் பிரியும். இந்திய ஆங்கிலத்தில் இது கஸ்டர்ட் ஆப்பிள். அமெரிக்காவில் சுகர் ஆப்பிள், கரீபியத்தில் சுகர் ஆப்பிள் அல்லது ஸ்வீட்சாப்.

கரீபியத்தில் கஸ்டர்ட் ஆப்பிள் என்றால் அன்னோனா ரெட்டிகுலாட்டா, அதாவது ராம்சீத்தா. தோல் ஏறக்குறைய வழவழப்பாக, வலைபோல் கோடு விழுந்து, பழுத்தால் செம்மை ஓடியிருக்கும். இந்திய ஆங்கிலத்தில் அதற்கு புல்லக்ஸ் ஹார்ட் என்று பெயர். ஆஸ்திரேலியக் கடைகளில் கஸ்டர்ட் ஆப்பிள் என்று விற்பது மூன்றாவது ஒன்று: சீத்தாவையும் செரிமோயாவையும் கலந்து உருவாக்கிய அட்டிமோயா. செரிமோயா என்பது அன்னோனா செரிமோலா, தோலில் கட்டைவிரலால் அழுத்தியது போன்ற பள்ளங்கள் இருக்கும். முள்சீத்தா அன்னோனா மியூரிகாட்டா. ஆங்கிலத்தில் சவர்சாப், ஸ்பானிய மொழியில் குவானபனா, போர்த்துகீசியத்தில் கிராவியோலா. இந்த மூன்று பெயரும் பழச்சாறுப் பெட்டிகளில் கலந்து வரும், பழம் ஒன்றேதான்.

இந்திய வாசகருக்கு எழுதினால் கஸ்டர்ட் ஆப்பிள் போதும். எல்லா நாட்டுக்கும் பொதுவாக எழுதினால் சுகர் ஆப்பிள் என்று எழுதி, அது முதன்முறை வரும் இடத்தில் தாவரவியல் பெயரையும் சேர்த்துவிடுங்கள். எந்த வகையானாலும் விதையை அரைத்துவிடக் கூடாது, அது நச்சு, கண்ணில் பட்டால் கடுமையாக உறுத்தும். பாலிலோ பழக்கூழிலோ மிக்சியில் அடிக்கச் சொல்லும் குறிப்பை மொழிபெயர்க்கும்போது 'விதை நீக்கிய' என்ற சொல் விடுபடாமல் பாருங்கள்.

சப்போட்டாவை ஆங்கிலத்தில் சப்போட்டே என்று எழுதலாமா?

கூடாது. சப்போட்டே என்பது மெசோஅமெரிக்க நாவாட்டில் மொழியில் மென்மையான இனிப்புப் பழம் எதற்கும் பொதுவாக வழங்கிய சொல்லிலிருந்து வந்தது. அதனால் மாமே சப்போட்டே, ஒயிட் சப்போட்டே, பிளாக் சப்போட்டே என்று உறவே இல்லாத பழங்களெல்லாம் அந்தப் பெயரில் திரிகின்றன. பிளாக் சப்போட்டே சீமைப்பனிச்சை எனப்படும் பெர்சிமன் குடும்பம், ஒயிட் சப்போட்டே எலுமிச்சைக் குடும்பம்.

நம் சப்போட்டா மனில்காரா சப்போட்டா. பொது ஆங்கிலத்தில் சப்போடில்லா. இந்திய ஆங்கிலத்தில் சப்போட்டா, சிக்கு. ஜமைக்காவில் நேஸ்பெர்ரி. பழைய புத்தகங்களில் ஆக்ரஸ் சப்போட்டா என்று இருந்தால் அதுவும் இதுவே.

நாவல் பழத்தை இந்தியன் பிளாக்பெர்ரி என்கிறார்களே?

எழுதுகிறார்கள், எழுதாமல் இருந்திருக்கலாம். பிளாக்பெர்ரி முள்கொடியில் காய்க்கும் ரூபஸ் இனம், பல சிறு மணிகள் ஒட்டிய பழம். நாவல் பெருமரம், பழத்துக்கு ஒரே கொட்டை. மருந்துக் குறிப்பிலோ சாறு செய்முறையிலோ ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் சுவையும் துவர்ப்பும் ஒத்தே வராது. ஜாமுன் அல்லது ஜாவா பிளம் என்று எழுதுங்கள். ஜம்போலன் என்றாலும் புரியும். தாவரவியல் பெயர் சிசிஜியம் குமினி, பழைய நூல்களில் யூஜீனியா ஜம்போலானா.

இதே சிசிஜியம் பேரினத்தில்தான் ஜம்புப் பழங்களும் இருக்கின்றன, அங்கேதான் குழப்பம் உச்சம். பன்னீர் வாசனையோடு, குலுக்கினால் உள்ளே விதை ஆடும் வெளிர்மஞ்சள் பழம் ரோஸ் ஆப்பிள், சிசிஜியம் ஜம்போஸ். மணி வடிவில் மெழுகு பூசியதுபோல் மினுங்குவது வேக்ஸ் ஆப்பிள் அல்லது ஜாவா ஆப்பிள், சிசிஜியம் சமரன்கென்ஸ். நீள்வட்டமாக அடர்சிவப்பில், கருஞ்சிவப்புப் பூவோடு வருவது மலாய் ஆப்பிள். சிறியதாக நீர் மிகுந்திருப்பது வாட்டர் ஆப்பிள். ஆனால் கடைக்காரர்கள் நான்கையும் ரோஸ் ஆப்பிள் அல்லது வாட்டர் ஆப்பிள் என்றே எழுதிவைப்பார்கள். பெயர்ப்பலகையைப் படம் எடுத்து ஆதாரம் காட்டுவதில் பயனில்லை, பூவைப் பாருங்கள்.

நெல்லிக்காய் கூஸ்பெர்ரிதானே?

இந்தியன் என்ற சொல் முன்னால் இல்லாவிட்டால் இல்லை. வெறும் கூஸ்பெர்ரி என்பது குளிர்நாட்டு முட்புதர், ரைபீஸ் இனம். தோல் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும், உள்ளே பல சிறு விதைகள். பெருநெல்லி பில்லாந்தஸ் எம்ப்ளிகா. ஆம்லா என்ற சொல் இன்று ஆங்கிலத்திலேயே பரவலாகப் புரிகிறது, அதுவே பாதுகாப்பான தேர்வு. மருந்துப் பொட்டலங்களில் வரும் எம்ப்ளிகா அஃபிசினாலிஸ் அதன் இன்னொரு பெயர். அரைநெல்லி, அதாவது அருநெல்லி, பில்லாந்தஸ் ஆசிடஸ்: ஸ்டார் கூஸ்பெர்ரி. காகித உறைக்குள் இருக்கும் கேப் கூஸ்பெர்ரிக்கும் நெல்லிக்கும் எந்த உறவும் கிடையாது, அது தக்காளிக் குடும்பம்.

விளாம்பழத்துக்கும் வில்வப்பழத்துக்கும் ஒரே ஆங்கிலப் பெயர் போடுகிறார்கள். எது சரி?

விளாம்பழம் உட் ஆப்பிள், லிமோனியா ஆசிடிசிமா. வில்வம் பேல், ஏகிள் மார்மெலோஸ். ஸ்டோன் ஆப்பிள், பெங்கால் குவின்ஸ் என்றும் சொல்வார்கள். இரண்டும் உடைத்துத் திறக்க வேண்டிய ஓட்டுப்பழங்கள், இரண்டும் எலுமிச்சைக் குடும்பம் என்பதால் உட் ஆப்பிள் என்ற பெயரை வில்வத்துக்கும் ஒட்டிவிடுகிறார்கள்.

பிரித்தறிய இலையே போதும். வில்வத்துக்கு மூன்று சிற்றிலை. விளாவுக்கு ஐந்து முதல் ஏழு வரை, அவற்றைத் தாங்கும் நடுக்காம்பு இருபுறமும் மெல்லிய சிறகு கட்டியதுபோல் அகன்றிருக்கும். பழத்தில் பார்த்தால், விளா ஓடு சாம்பல்வெள்ளையாகச் சொரசொரப்பாக, உள்ளே பழுப்புநிறச் சதையில் விதைகள் பரவிக் கிடக்கும். வில்வ ஓடு வழவழப்பு, சதை மஞ்சள் அல்லது ஆரஞ்சு, விதையைச் சுற்றி ஒட்டும் பசை.

எலிஃபண்ட் ஆப்பிள் என்ற பெயரைத் தவிருங்கள். விளாவுக்கும் அப்பெயர் உண்டு, சம்பந்தமே இல்லாத டில்லேனியா இண்டிகா மரத்துக்கும் உண்டு.

எலுமிச்சை லெமனா, லைமா?

சிறியதாக, உருண்டையாக, மெல்லிய தோலோடு நாம் பிழியும் எலுமிச்சை லைம். இந்திய ஆங்கிலத்தில் மட்டும்தான் அதை லெமன் என்கிறோம். பிற நாடுகளில் லெமன் நீள்வட்டமாக, நுனியில் காம்பு போன்ற மூக்கோடு, தடித்த தோலோடு இருக்கும். "லைம் பச்சை, லெமன் மஞ்சள்" என்ற சூத்திரம் தவறு. லைமும் மரத்திலேயே பழுக்கவிட்டால் மஞ்சளாகும், பச்சையாகப் பறித்து விற்பதால்தான் அந்தத் தோற்றம். சமையல் குறிப்பில் இதனால் அளவும் மாறும்: ஒரு லெமன் என்று எழுதினால் வெளிநாட்டு வாசகர் நம் எலுமிச்சையைவிடப் பெரிய பழத்தைப் பிழிந்துவிடுவார். கீ லைம் என்று எழுதுங்கள், அல்லது எத்தனை தேக்கரண்டிச் சாறு என்று அளவைச் சொல்லிவிடுங்கள்.

பம்பளிமாஸ் பொமலோ. கிரேப்ஃப்ரூட் அல்ல. பொமலோவும் ஆரஞ்சும் கலந்து பார்படோஸ் தீவில் 18ஆம் நூற்றாண்டில் தோன்றியதுதான் கிரேப்ஃப்ரூட்.

பெயரில் தவறு வந்தால் ஆபத்து உண்டா?

பெரும்பாலும் ருசிதான் கெடும். ஒரு பழத்தில் உயிருக்கே கேடு. ஐந்து விலா எலும்பு வைத்தது போன்ற தம்பரத்தம், ஆங்கிலத்தில் ஸ்டார் ஃப்ரூட் அல்லது கேரம்போலா. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் அதைச் சாப்பிட்டால் நிற்காத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு எனத் தொடங்கி மரணம் வரை போகலாம். அதிலுள்ள கேரம்பாக்சின் என்ற நரம்பு நச்சை 2013இல் அடையாளம் கண்டார்கள். உடல் நலமுள்ளவர்களுக்குச் சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடுகிறது. ஸ்டார் ஆப்பிள், ஸ்டார் கூஸ்பெர்ரி இரண்டும் வேறு பழங்கள். ஸ்டார் ஆப்பிள் குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் தெரியும் பால்பழம், இலையின் அடிப்புறம் பொன்பழுப்பு. சிறுநீரக நோயாளிக்கான உணவுப்பட்டியலை மொழிபெயர்க்கும்போது 'நட்சத்திரப் பழம்' என்று பொதுவாக எழுதாமல், தம்பரத்தம் என்றும் கேரம்போலா என்றும் இரண்டையும் எழுதுங்கள். இதே இனத்துப் புளிச்சங்காய் பிலிம்பி, அதிலும் ஆக்சலேட் அதிகம்.

ஆபத்தில்லாத, ஆனால் குழப்பும் பெயர் இன்னொன்று பாபா. ஆஸ்திரேலியாவில் பாபா என்றால் பப்பாளி. அமெரிக்காவில் பாபா என்பது அசிமினா டிரிலோபா, சீத்தாக் குடும்பத்து மரம்.

வாழை வகைகளுக்கு ஆங்கிலப் பெயர் உண்டா?

உண்டு, பலருக்கும் தெரிவதில்லை. ரஸ்தாளி உலக அளவில் சில்க். பூவன் மைசூர் என்ற பெயரில் அறியப்படுகிறது. விருப்பாட்சி போம் வகையைச் சேர்ந்தது. நேந்திரன் பிளாண்டைன். செவ்வாழை ரெட் பனானா. இந்த இடத்தில் தாவரவியல் பெயர் உதவாது, இவற்றில் பெரும்பாலானவை கலப்பினங்கள். ஏஏபி, ஏபிபி போன்ற மரபணுத் தொகுதிக் குறியீட்டைத்தான் வல்லுநர்கள் பயன்படுத்துகிறார்கள். கதலி என்ற பெயர் இடத்துக்கு இடம் வேறு வாழையைக் குறிப்பதால், அதற்கு மட்டும் படம் பார்க்காமல் ஆங்கிலப் பெயர் கொடுக்காதீர்கள்.

இலங்கைத் தமிழ்ப் பெயர்கள் அகராதியோடு ஒத்துவரவில்லையே?

சொல் ஒன்றாக இருந்து பொருள் மாறும் இடங்களில்தான் சறுக்கும். முந்திரிகைப்பழம் இலங்கையில் திராட்சை, அதாவது கிரேப். காஷ்யூவுக்கு அங்கே மரமுந்திரிகை. கொறுக்காய் என்றால் கோரக்கா எனப்படும் கார்சினியா, குடம்புளியின் உறவு. தமிழகத்துக் கொடுக்காப்புளியோ மனிலா டாமரிண்ட், பித்தசெல்லோபியம் டல்சே. இந்த இரண்டையும் மாற்றி எழுதிய மீன்குழம்புக் குறிப்பு தேறவே தேறாது.

மற்றவை எளிது. அன்னமுன்னா சீத்தா வகைப் பழம். கொடித்தோடை பேஷன் ஃப்ரூட். தோடம்பழம் ஆரஞ்சு. ஈரப்பலா பிரெட்ஃப்ரூட், ஆழமாக வெட்டுப்பட்ட பெரிய இலை, நுனிக்கிளையில் காய். அடிமரத்தில் காய்க்கும் பலாவோடு குழம்பாது. அம்பரலங்காய் ஆங்கிலத்திலும் அம்பரெல்லா, ஜமைக்காவில் ஜூன் பிளம்.

தாவரவியல் பெயரே இரண்டு மூன்று இருக்கிறதே, எதை நம்புவது?

ஆய்வில் உறவுமுறை திருத்தப்படும்போது பேரினப் பெயர் மாறும். டிராகன் பழம் ஹைலோசீரியஸில் இருந்து செலினிசீரியஸுக்கு 2017இல் இடம்மாறியது. தேடும்போது இரண்டையும் தேடுங்கள், எழுதும்போது இப்போதைய பெயரை எழுதுங்கள். எழுத்துக்கூட்டலும் படுத்தும்: இலந்தையின் பேரினமான சிசிபஸில் இரண்டாவது உயிரெழுத்து இன்று ஐ, பழைய நூல்களில் ஒய். ஒன்றில் எதுவும் வராவிட்டால் மற்றதை இடுங்கள். இலந்தைக்கு இந்தியன் ஜூஜூப் என்று எழுதுங்கள். வெறும் ஜூஜூப் சீன இலந்தையைக் குறிக்கும்.

ஆங்கிலப் பெயரே அகப்படவில்லை என்றால்?

தமிழ்ப் பெயரையே ஆங்கில எழுத்தில் எழுதி, தாவரவியல் பெயரைச் சேர்த்து, ஒரு வரியில் பழம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுங்கள். சொந்தமாக 'ஸ்வீட் தார்ன் பெர்ரி' என்று எதையாவது உருவாக்கினால், அடுத்தவர் அதைத் தேடி அலைவார். மேங்கோ என்ற சொல்லே மாங்காயிலிருந்து போர்த்துகீசியர் வழியாகப் போனது, ஜாக்ஃப்ரூட்டின் ஜாக் மலையாளச் சக்கை. கடன் கொடுப்பதில் நாம் கூச்சப்பட வேண்டியதில்லை.

வணிகர்கள் மட்டும் பெயர் உருவாக்கி வென்றிருக்கிறார்கள். சைனீஸ் கூஸ்பெர்ரி 1959இல் கிவிஃப்ரூட் ஆனது, மரத்தக்காளி 1967இல் டாமரில்லோ ஆனது; இரண்டும் நியூசிலாந்தில். 1960க்கு முந்தைய ஆங்கில நூலில் கிவியைத் தேடினால் கிடைக்காததற்கு இதுதான் காரணம்.

சட்டென்று சில பெயர்கள்?

நுங்கு ஐஸ் ஆப்பிள், மரம் பால்மைரா. களாக்காய் கரோண்டா, நேட்டல் பிளம் அதன் ஆப்பிரிக்க உறவு, அதே பழமல்ல. அத்தி என்றால் கிளஸ்டர் ஃபிக், உலர்த்தி விற்கும் சீமை அத்திதான் வெறும் ஃபிக். தேன்பழம் எனப்படும் சிங்கப்பூர் செர்ரி முண்டிங்கியா கலபூரா, ஆங்கிலத்தில் ஜமைக்கா செர்ரி. சிங்கப்பூரும் அதன் சொந்த ஊரல்ல, அது செர்ரியும் அல்ல. மங்குஸ்தான் மேங்கோஸ்டீன், மாம்பழத்தோடு ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது.